கணினி ஆசிரியரும் மாணவர் சுவடும்

கற்பிப்போர் கற்போரின் இயல்பறிந்து கற்பித்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் ஆசிரியன் பாடஞ் சொல்லும் முறையைக் கூறுமிடத்து, இடமும் காலமும் நோக்கி, மாணாக்கன் எவ்வாறு ஏற்றுக்கொள்வான் என்பதை உணர்ந்து, அதற்கேற்ப அவன் உள்ளங் கொள்ளுமாறு நூலைக் கொடுத்தல் வேண்டும் என்னுங் கருத்தை அமைத்துள்ளார். நம் கல்லூரி வகுப்பறைகளில் இவ்வுண்மையை நாடோறுங் காண்கின்றோம். பாடம் நடந்துகொண்டிருக்கையில் நெற்றி சுருக்கிய மாணவன் ஒருவனை ஆசிரியர் காண்பர். சொன்னதையே வேறொரு சான்று காட்டி மீண்டுஞ் சொல்வர். அம் முகக் குறிப்பே அவருக்கு ஏடு. அவ்வேட்டை வாசிக்க வல்லவரையே நல்லாசிரியர் என்கின்றோம்.

இனி, முகங் காணாத ஆசிரியர் ஒருவர் நம்மிடையே வந்துள்ளார். இணையவழிப் பாடத்தையே இவ்வாறு கூறுகின்றோம். சென்னை முதலிய இடங்களிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமுங் கூடி 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னுந் திட்டமும், நடுவணரசு 2017-ஆம் ஆண்டில் தொடங்கிய 'சுவயம்' என்னும் மேடையும் இந்நாட்டில் இக்கல்வியைப் பரப்பின. ஒரு பருவத்தின் பாடங்களுள் நூற்றுக்கு 40 வரையில் சுவயம் வாயிலாகக் கற்று மதிப்புப் பெறலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. ஆகவே இக்கல்வி பொழுதுபோக்காய்க் கற்பார் சிலரது விருப்பமாக மட்டும் நிற்கவில்லை. நம் பட்டத்தோடு பிணைந்த தொன்றாயிற்று. காஞ்சிபுரத்திற் பிள்ளையார்பாளையத்துத் தறிமேட்டில் அமர்ந்திருக்கும் மாணவனும் சென்னைப் பேராசிரியரின் விரிவுரையைக் கைப்பேசியிற் கேட்கலாம். இது நம் பாட்டனார் காலத்தில் கனவிலும் எண்ணொணாத பேறு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இப்பேற்றிற்கு ஒரு குறையுண்டு. பல்லாயிரவர்க்கும் ஒரே விரிவுரை, ஒரே வேகம், ஒரே நாள் முடிவெல்லை. 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் மின்சுற்றுகளைப் பற்றி உலகிற்குத் திறந்து வைத்த முதற் பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் பெயர் பதிந்தனர். முடிவிற் சான்று பெற்றவர் 7,200-க்குச் சற்றுக் குறைவானவரே. வேடிக்கை பார்க்க வந்து போனவர் பலராயினும், தடுக்கி விழுந்து, எழுப்புவாரின்றிச் சென்றவரும் அக்கூட்டத்தில் இருந்திருத்தல் வேண்டும். அவரை அறிவது எங்ஙனம்?

இங்கேதான் 'தரவகழ்வு' என்னுங் கலை துணைக்கு வருகின்றது. கணினியிற் கற்பவன் செய்யும் ஒவ்வொரு செயலும் ஒரு சுவட்டை விட்டுச் செல்கின்றது: காணொளியை எவ்விடத்தில் நிறுத்தினான், எப்பகுதியைத் திரும்பக் கேட்டான், எவ்வினாவிற்கு எத்துணை நொடியில் விடையளித்தான், எத்தனை நாள் வாராதிருந்தான் என்பனவெல்லாம் பதிவாகும். ஒருவன் சுவட்டால் அறியத்தக்கது சிறிதே. பதினாயிரவர் சுவடுகளை ஒருங்கு வைத்து ஆராயின், அவற்றினூடே ஓர் ஒழுங்கு புலப்படும். மண்ணை அகழ்ந்து பொன் காண்பது போலும் இச்செயலாதலின் அகழ்வு எனப்பட்டது. அவ்வாறு கண்ட ஒழுங்கைக் கொண்டு, இவனுக்கு எளிய பயிற்சி இன்னுஞ் சில வேண்டும், அவனுக்கு அடுத்த பாடத்தைத் திறக்கலாம் எனத் தானே தன்னை மாற்றிக்கொள்ளும் பாடத்தைத் தகவமைப் பாடம் என்பர்.

இதன் உள்ளமைப்பையும் சிறிது கூறுதல் தகும். அமெரிக்க நாட்டுக் கார்பெட், ஆண்டர்சன் என்னும் அறிஞர் இருவர் 1990-களில் வகுத்த முறையொன்று இத்துறையிற் பெரிதும் வழங்குகின்றது. மாணவன் ஒரு பகுதியை முன்னரே அறிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு பயிற்சியால் அதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, அறியாமலே ஊகத்தாற் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு, அறிந்தும் கைதவறிப் பிழைக்கும் வாய்ப்பு என நான்கினை அம்முறை கணக்கிடும். ஒவ்வொரு விடைக்கும் இக்கணக்கு ஏறியும் இறங்கியும், 'இவன் அறிந்தான்' என்னும் முடிவை நோக்கிச் செல்லும். நம் ஆசிரியர் மனத்தால் நிறுப்பதைக் கணினி எண்ணால் நிறுக்கின்றது எனலாம்.

நம் ஊரார்க்கு இது முற்றிலும் புதிதன்று. பட்டுத்தறியின் மேற்புறத்தே தொங்கும் ஜக்கார்டு அட்டைகளை நாம் அறிவோம். துளையிருந்தால் நூல் எழும்பும், இல்லையேல் எழும்பாது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த அவ்வட்டையின் வழியைப் பின்பற்றியே பாபேஜ் என்பார் தம் கணக்கிடு பொறிக்கு அட்டைகளை எண்ணினார். 1890-ஆம் ஆண்டில் அமெரிக்க மக்கட்கணக்கைத் துளையட்டைகளைக் கொண்டே ஆலரித் என்பார் தொகுத்தளித்தார். ஒரு நாட்டு மக்களை அட்டைத் துளைகளாக்கி எண்ணிய அன்றே இன்றைய தரவுக் கலைக்கு வித்திடப்பட்டது. ஆயின் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அட்டை அறிவது மயிலும் மாங்காயுமாகிய உருவத்தையே. தறியில் அமர்ந்தவனின் முதுகு நோவை அஃது அறியாது.

இக்கலையால் விளைந்த நன்மைகளை முதற்கண் மனமாரப் போற்றுகின்றோம். 2011-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ இங் என்பார் நடத்திய இணையப் பாடமொன்றில், ஒரு வினாவிற்கு இரண்டாயிரம் மாணவர் ஒரே தவறான விடையை அளித்ததாக, அவருடன் கூடிக் கோர்சேரா நிறுவனத்தைத் தோற்றுவித்த தாப்னி கோலர் அம்மையார் மறு ஆண்டில் எடுத்துரைத்தார். நூறு பேர் வகுப்பில் இருவர் அப்பிழை செய்தால் எவரும் பாரார். இரண்டாயிரவர் செய்தபோது பிழையின் வேர் எங்குளது என ஆராய்ந்து, அப்பிழை செய்வார்க்கெனத் தனிக் குறிப்பொன்றை எழுதி வைத்தனர். 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, காணொளி கண்ட நிகழ்ச்சிகள் 69 இலக்கத்தை அகழ்ந்து நோக்கி, விரிவுரை எத்துணை நீளமாயினும் மாணவர் ஒருமித்து அமர்வது பெரும்பாலும் ஆறு நிமிடங்களுக்கு மேற்படாது என உணர்த்திற்று. இதனாற் பாடங்களைச் சிறு துண்டுகளாக்கல் நன்றென்பது பெறப்பட்டது. இவ்விரண்டிடத்தும் குற்றம் மாணவன் மேல் வைக்கப்படவில்லை. பாடமே திருத்தப்பட்டது என்பதை நேயர் உற்று நோக்குக.

நம் நாட்டிலேயே ஒரு சிறந்த சான்றுண்டு. 2015-ஆம் ஆண்டில் தில்லி மாநகரிற் கார்த்திக் முரளிதரன் முதலிய அறிஞர் மூவர், 'மைண்டுஸ்பார்க்' என்னுந் தகவமைப் பாடத்தை ஆராய்ந்தனர். 619 மாணவரைச் சேர்த்துக் குலுக்கல் முறையால் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் பள்ளி நேரத்திற்குப் புறத்தே அக்கல்வியை அளித்தனர். ஆறாம் வகுப்பில் அமர்ந்திருந்த மாணவர் கணிதத்திற் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தமை அப்போது வெளிப்பட்டது. ஆறாம் வகுப்புப் புத்தகம் அவர்கட்கு எட்டாக் கனியாகவே இருந்திருக்கின்றது. தகவமைப் பாடம் அவரவர் நின்ற படியிலிருந்தே கை கொடுத்து ஏற்றிற்று. நாலரை மாதத்திற்குள் கணிதத்திலும் இந்தியிலும் அவர்கள் மற்றைப் பிரிவினரினும் தெளிவாக முன்னேறினர். 2019-ஆம் ஆண்டில் அச்சேறிய இவ்வாராய்ச்சியில் நாம் கருதற்பாலது மற்றொன்றுமுண்டு: அங்கு நாடோறும் பாதிப் பொழுது கணினி முன்னும், மறு பாதி சிறு குழுவாய் ஒரு துணையாசிரியர் முன்னும் கழிந்தது. கருவி தனியே நிற்கவில்லை, மனிதரும் அருகிருந்தார்.

இவ்வளவு நன்மை இருப்பவும் எமக்குற்ற அச்சம் யாதெனின், அதனைப் பிள்ளையார்பாளையத்து நண்பர் ஒருவர் வரலாற்றால் விளக்குவோம்.

அவர் நெசவாளர் குடியிற் பிறந்து, வேறொரு கல்லூரியிற் பயில்பவர். சென்ற ஆண்டு ஆடித் திங்களில் இணையவழிப் புள்ளியியற் பாடமொன்றிற் சேர்ந்தார். ஆடி முதல் ஐப்பசி வரை எம் தெருக்களில் தீபாவளிச் சேலைகளுக்காகத் தறிகள் ஓய்வின்றி ஒலிக்குங் காலம். கோர்வைச் சேலைக்கு உடலுங் கரையும் வேறு வேறு நிறமாதலின், நெய்பவர் ஒருவரால் ஆகாது. கரை நாடாவைச் செலுத்த அருகே மற்றொருவர் இருத்தல் வேண்டும். தந்தையார்க்கு அருகிருப்பவர் நம் நண்பரே. மழை மேகங் கூடுமுன் விடியற்காலையிலே தெருவிற் பாவு நீட்ட வேண்டிய நாளில் வீட்டார் அனைவருமே அங்கு நிற்பர். வீட்டிலிருந்த கைப்பேசியோ ஒன்றே. அதுவும் தங்கையின் பள்ளிப் பாடத்திற்கு முதலிற் செல்லும்.

ஆகவே நண்பர் ஒரு வழி கண்டார். வாரந்தோறும் வினாக்களை ஒரு குறிப்பேட்டிற் படியெடுத்து வைப்பார். நூல் அறுந்து தறி நின்றபொழுதும், உண்டபின் சிறிது ஓய்ந்தபொழுதும், கணக்குகளை அவ்வேட்டிலே செய்து முடிப்பார். இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசி கையிற் கிடைத்ததும் விடைகள் பத்தையும் இரண்டே நிமிடத்தில் இட்டுவிடுவார்.

கணினி கண்டது யாது? மூன்று நாள் வாராமை. இடையில் நிறுத்தி மறந்த காணொளிகள். நள்ளிரவை அணுகிய வேளையில் வருகை. வினாவைப் படிக்கவும் போதாத நொடிகளில் விடைகள். விரைந்து விடையளிப்பார் ஊகித்தே அளிக்கின்றனர் என்பது அக்கருவி முன்பு பலர்பாற் கற்றுக்கொண்ட விதி. அவ்விதி பலர்க்குப் பொருந்தவுங் கூடும். அதன்படி, விடைகளிற் பெரும்பாலன சரியாயிருந்தும், 'நீர் இப்பகுதிக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை' என்று கூறி, அவர் கற்று முடித்த தொடக்கப் பயிற்சிகளையே மீண்டும் மீண்டும் அவர்முன் வைத்தது. மறுமொழி சொல்ல வாயிலொன்று அங்கில்லை. நான்கு வாரம் பொறுத்தார். ஐந்தாம் வாரம் பாடத்தைக் கைவிட்டார். பாடத்தை நடத்தியோர் கணக்கில் அவர் 'ஆர்வமின்றி இடைநின்றவர்' என்றே இந்நேரம் பதிவாகியிருப்பார். அப்பதிவும் அடுத்த ஆண்டு வரும் வேறொரு நெசவாளி மகனை அளக்குங் கோலாகும்!

பின்னர் அவர் தம் கல்லூரி ஆசிரியரிடம் அக்குறிப்பேட்டைக் காட்டினார். சாயக்கறை படிந்த பக்கங்கள் நாலைந்தைப் புரட்டிய அளவில் அவ்வாசிரியர், "தம்பி, நீ எல்லாவற்றையும் சரியாகத்தானே செய்திருக்கிறாய்?" என்றாராம். கருவி நான்கு வாரத்தில் அறியாததை அவர் நான்கு பக்கத்தில் அறிந்தார்.

கருவியைப் பழிப்பது எம் கருத்தன்று. அது தன்முன் வந்த சுவடுகளைத் தன் விதிப்படி வாசித்தது. பிழை, சுவட்டையே மனிதனாகக் கொண்ட இடத்தில் உளது. நன்னூலாரும் மாணாக்கரை வகுத்தவரே. அன்னமும் ஆவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வார் கடைமாணாக்கர் என்றார். அப்பகுப்பு உடனிருந்து பழகி, ஒருவன் கொள்ளும் இயல்பைக் கண்டு கூறுவது. மூன்று நாள் வாராத காரணத்தால் ஒருவனை ஓட்டைக்குடம் என எழுதிவிடும் பகுப்பு அதனோடு ஒப்பதாமோ?

மேலும், கடந்த காலத்தைக் கற்றுக்கொண்ட கருவி எதிர்காலத்தையும் அவ்வச்சிலேயே வார்க்கும். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் இங்கிலாந்தில் பள்ளி இறுதித் தேர்வுகள் நிறுத்தப்பட்டபோது, மாணவர் தகுதியைக் கணக்கிட ஒரு முறை வகுத்தனர். ஒவ்வொரு பள்ளியும் முன்னாண்டுகளிற் பெற்ற தேர்ச்சியும் அக்கணக்கிற் புகுந்தது. ஆசிரியர் மதிப்பிட்ட தரங்களில் நூற்றுக்கு நாற்பதளவு குறைக்கப்பட்டன. முன்பு தேர்ச்சி குன்றிய பள்ளியிற் பயின்ற நன்மாணவன், தான் பிறவா முன்னரே நடந்த பிழைக்குத் தண்டனை பெற்றவன் போலாயினான். மாணவர் வீதிக்கு வந்து முழங்கியபின், ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் அம்முறை கைவிடப்பட்டது. அங்கு முழங்க ஒரு நாடே கூடிற்று. இரவு பதினொரு மணிக்குத் தனியே கைப்பேசியை நோக்கியிருக்கும் பிள்ளையார்பாளையத்து மாணவன் யாரிடம் முழங்குவான்?

இனி மறுப்பார் கூற்றையும் ஆராய்வோம். 'மனித ஆசிரியரிடத்தில் ஓரம் இல்லையோ? முன்வரிசையார்க்கே பாடஞ் சொல்வாரும், சாதியும் செல்வமும் நோக்குவாரும் இல்லையோ? எண்ணுக்கு அத்தகைய கண்ணில்லையே' என்பர் சிலர். இஃது எளிதில் தள்ளத்தக்க வினா அன்று. தில்லியில் ஆறாம் வகுப்பு மாணவர் இரண்டரை வகுப்பு பின்னிருந்தும் ஆண்டுதோறும் மேல் வகுப்பிற்கு அனுப்பியவர் மனிதரே. அதனைக் கண்டு காட்டியது கருவியே. ஆயினும் ஓரஞ் செய்யும் ஆசிரியர் முன் நாம் சென்று நிற்கலாம், ஏட்டைக் காட்டலாம், அவர் நாணவுங் கூடும், திருந்தவுங் கூடும். வினவுதற்கு வாயிலற்ற எண்ணோ, தன் ஓரத்தை நடுநிலை என்னும் பெயரால் மூடிக்கொள்கின்றது. ஆகவே நாம் வேண்டுவது கருவியை ஒழித்தலன்று. அதற்கு ஒரு செவியை அமைத்தல்.

அதன்பொருட்டு யாம் கூறத் துணிவன நான்கு.

முதலாவது, அகழ்ந்த தரவு முதற்கண் பாடத்தைச் சோதிப்பதாகுக. மாணவனைச் சோதிப்பது பின்னரே ஆகுக. பலர் ஒரே இடத்தில் இடறினால் வழியில் கல் உளது என்று கொள்க.

இரண்டாவது, தன்னைப்பற்றிக் கருவி கொண்ட கருத்தை மாணவன் கண்ணாற் கண்டு, காரணம் எழுதிச் சேர்க்க இடமிருத்தல் வேண்டும். 'விடைகளைத் தாளிற் செய்து பின்னர் இட்டேன்' என்னும் ஒரு வரிக்கு இடமிருந்தால் நம் நண்பர் பாடத்தை விட்டிரார். 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னிலக்கத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவை அறியவும் திருத்தவும் ஒருவர்க்குள்ள உரிமையைக் கூறுகின்றது. பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணித்தலை, விலக்குகள் சிலவற்றிற்கு இடம்வைத்து, அது தடுக்கின்றது. கல்லூரி மாணவராகிய நம்மிற் பெரும்பாலார் அவ்வயதைக் கடந்தோம். நம் காவல் நம் விழிப்பிலேயே உளது.

மூன்றாவது, முடிவெல்லை நாட்கள் தொழிற்குடிகளின் பருவத்தை அறிதல் வேண்டும். வாராமையைக் குற்றமாக எண்ணுமுன், எவ்வூரில் எக்காலத்தில் வாராமை மிகுகின்றது என அகழ்ந்து நோக்குக. தீபாவளிக்கு முன் காஞ்சியில் அது மிகுமாயின், அதுவன்றோ அகழ்ந்து கண்ட பொன்!

நான்காவது, தமிழ் பயில்வோராகிய நமக்கே உரிய கடமை. கணிதத்திற்கும் கணினிக்கும் நடந்த இவ்வாராய்ச்சி நம் மொழிக்கு வேண்டாவோ? தமிழ்நாட்டரசு 2001-ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிலையம், கடல் கடந்து வாழும் தமிழ்ப் பிள்ளைகட்கும் இணையவழித் தமிழ் கற்பிக்கின்றது. வல்லினம் மிகுமிடத்திற் சென்னைச் சிறுவன் செய்யும் பிழை வேறு. லகர ளகர ழகரத்தில் ஆங்கிலஞ் சூழ வளரும் சிறுமி இடறும் இடம் வேறு. இப்பிழைகளை ஆயிரக்கணக்கிற் றொகுத்து வகைப்படுத்தினால், இலக்கணத்தை எவ்வரிசையிற் கற்பிப்பது என்பதற்கே புதிய ஒளி கிடைக்கும். பிழையை எண்ணக் கணினி வல்லது. 'இது வேற்றுமைப் புணர்ச்சி அறியாமையால் வந்தது, இது பேச்சு வழக்கின் சாயல்' எனப் பிழையின் வேரைச் சொல்ல இலக்கணம் அறிந்தாரே வல்லர். கணினித் துறைத் தோழரும் தமிழ்த் துறைத் தோழரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்தற்குரிய பணி இது. நம் கல்லூரியில் இவ்விரு துறையார்க்கும் இடையே உள்ளது ஒரு தாழ்வாரமே.

ஆசிரியப் பெருமக்களையும், இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் இத்துறைத் தொழில்களில் அமர்ந்திருப்பாரையும் யாம் வேண்டிக்கொள்வது இதுவே. பாடத்தைத் திருத்தும் விதியொன்றை நீவிர் எழுதும்போது, திரைக்கு அப்பால் அமர்ந்தவனுக்கு ஒரு குறிப்பேடு இருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்வீராக. எம் நண்பர் இவ்வாண்டு ஆடியில் அப்பாடத்தில் மீண்டும் பெயர் பதிவதாகக் கூறுகின்றார். இம்முறை, விடையைத் தாளிற் செய்து முடித்திருப்பினும், ஒவ்வொரு வினாவிலும் இரண்டு நிமிடம் வீணே காத்திருந்து விடையிடப் போகின்றாராம். கருவி மாணவனுக்கேற்ப மாறும் என்று கூறினர். இங்கோ மாணவன் கருவிக்கேற்ப மாறுகின்றான். இந்நிலையை மாற்றுதல் கற்றார் கடன்.